துணியில் இருந்த பெயர்

1996 மே 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஒரு அச்சகத்திலிருந்து வந்த காகிதக் கட்டுகளில் மூன்றைத் திருப்பி அனுப்பினேன். மேலே மொறமொறவென்று காய்ந்த செய்தித்தாள்; நடுவில் கையை விட்டால் பழைய சோறு போல ஈரம். எடை ஏற்றுகிற பழைய வித்தை. லாரிக்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போய், பழைய பேப்பருக்குக் கக்கூஸ் காகிதச் சுருள் கொடுத்துத் தொழில் ஆரம்பித்தவள் நான். மேல்தாளைப் பார்த்துக் கட்டு வாங்கியிருந்தால் இன்றைக்கு இந்தக் கிடங்கு ஏது?

மாலை, தோக்கியோவின் சூமோ அரங்கம் இருக்கும் எங்கள் ரியோகோகுவில் சங்கக் கூட்டம், வழக்கமான நூடுல்ஸ் கடை மாடியில். பழைய சூமோ மல்லர்களின் புகைப்படங்களைச் சேர்க்கிற பதின்மூன்று பேர். பன்னிரண்டு ஆண்கள், அப்புறம் நான். செப்டம்பர்ப் போட்டி நடக்கும் பதினைந்து நாளும் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் ஏழாம் மாடியில் சங்கத்தின் நாற்பதாம் ஆண்டுக் கண்காட்சி. நடுச்சுவரில் என்னிடமுள்ள, அந்தக் காலத்துப் பெரிய மல்லர் மினேகாசேயின் படம். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. தலைவர் நாகாகுபோ, பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் யாரைக் கண்டாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அவர் எழுந்து, ஓரிகாசா மித்சுஎ அவர்களை, அதாவது என்னை, செயற்குழுவில் சேர்த்துக்கொள்ள உத்தேசம் என்றார். நாற்பது வருஷத்தில் முதல் பெண். கைதட்டினார்கள்.

பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் ‘பேப்பர்காரம்மா’ என்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களும்தான் தட்டினார்கள்.

மே 13, திங்கள்

மே மாதப் போட்டி நேற்றுத் தொடங்கிவிட்டது. அரங்கத்து முரசு கிடங்குவரை கேட்கிறது. ஒருத்தனும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நானும்தான்.

மே 21, செவ்வாய்

தொகோமசு வந்தார். ஐம்பது வருஷம் மல்லர்களுக்குக் குடுமி கட்டியவர். அந்தத் தொழிலுக்கு வரும்போது வைத்த பெயர்தான் தொகோமசு, பெற்றோர் வைத்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. பழைய செய்தித்தாள் இரண்டு கட்டு கொண்டுவந்திருந்தார். உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். பெருமை யாரை விட்டது? பெட்டியைத் திறந்து மினேகாசே படத்தை அவர் கையில் வைத்தேன்.

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“யாரும்மா இந்தப் பையன்?”

“என்ன கேள்வி இது? இடுப்புல கட்டின துணியிலயே பேரு இருக்கே. ஓசெகி மினேகாசே.”

“துணியில இருக்கு, சரி. தலையப் பாரு.”

தலையைப் பார்த்தேன். மேல்தரத்து மல்லன் பொன்னிழைத்த முன்துணியைக் கட்டிக்கொண்டு மேடைக்கு வரும்போது, உச்சியில் விழும் குடுமி முனையை ஜின்கோ மர இலை போல விரித்துக் கட்டியிருப்பார்கள். கீழ்த்தரத்தானுக்கு வெறுமனே மடித்த குடுமி. இது எனக்குத் தெரியாதா? இந்தப் பேட்டையில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படத்தில் இருப்பது மடித்த குடுமி.

“உச்சப் பட்டத்துக்கு ஒரு படி கீழ இருக்கற மனுசன் ஓசெகி. இந்தத் தலையோட படத்துக்கு நிப்பாரா? இது அவரோட எடுபிடிப் பய. எசமான் துணிய மாட்டிக்கிட்டு நிக்கிறான். கீழ பாரு, துணி தரையில பொரளுது. அவனுக்கு அது நீளம்.”

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். இந்தத் துணியை யாரும் தனியாகக் கட்டிக்கொள்ள முடியாதாம். இடுப்பைச் சுற்றி ஏழெட்டு மீட்டர் பட்டு. பின்னால் ஒருவர் நின்று இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட வேண்டுமாம். “எவன் போட்டானோ, அவனுக்கும் சேத்து உதை விழுந்திருக்கும்,” என்றார்.

மே 22, புதன்

இந்தப் படம் என் கைக்கு வந்து எட்டு வருஷம். எட்டு வருஷமாகத் துணியைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான்!

மே 27, திங்கள்

என்னிடம் உள்ள மற்ற மினேகாசே படங்கள் நான்கையும் மேசையில் பரப்பினேன். இடது காது மடங்கியிருக்கிறது, நான்கிலும். இவனுக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன. மினேகாசே ஆறடிக்கு மேல். நான்கிலும் துணி கணுக்காலோடு நிற்கிறது. சந்தேகமே இல்லை.

அப்படியானால் பதின்மூன்று பேரும் ஏன் ஏமாந்தோம்? படம் வந்த இடம் அப்படி. ஓசெகியின் மகள் வாழ்ந்த வீட்டை இடித்தபோது பழங்காகிதம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஓசெகியின் கடிதங்கள் இருந்த மரப்பெட்டியில், எல்லாவற்றுக்கும் அடியில் இது இருந்தது. துணியில் அவர் பெயர், பெட்டி அவருடையது. அதற்கு மேல் யார் தலையைப் பார்ப்பார்கள்? நாகாகுபோ தன் புத்தகத்தின் அட்டையிலேயே போட்டார். உள்ளே ஒரு வரியும் எழுதினார்: ‘துணி தரையில் புரள்வது அக்காலத்து மோஸ்தர்.’ படித்துவிட்டு நானும் தலையாட்டினேன்.

அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற என் தங்கை சனாஎயிடம் மட்டும் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “அக்கா, உனக்கும் அந்தக் குடுமிக் கெழவனுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? வாய மூடிக்கிட்டு இரு. செப்டம்பர் முடியட்டும், குழுவுல உக்காரு, அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்.”

நியாயமான யோசனை. தொழில் தெரிந்தவள் சொல்லும் யோசனை. நானும் ஒரே ஒரு தடவை ஈரக்கட்டு விற்றிருக்கிறேன், எழுபத்தொன்றில், தெரிந்தே. வாங்கினவன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் தெருப்பக்கம் வண்டியைத் திருப்ப எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

குழுவில் உட்கார்ந்து அந்தச் சுவரைத் தினமும் பார்க்க முடியுமா? நாகாகுபோ முகத்தைப் பார்ப்பேன், அதற்கென்ன. இந்தப் பையன் முகத்தை?

யார் இவன்?

ஜூன் 12, புதன்

வடக்கே யோகோதே என்ற ஊருக்குப் போய்விட்டு வந்தேன். படம் ஒட்டிய அட்டையின் பின்பக்கம் அந்த ஊர் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கிறது. எட்டு வருஷமாக அதுவும் கண்முன்னேதான் இருந்தது. ஸ்டூடியோ இன்னும் நடக்கிறது! இப்போது பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம். நடத்துவது தொகாஷி என்ற பெண், என் வயதுதான் இருக்கும். பழைய படங்களின் கண்ணாடித் தகடுகளெல்லாம் போர்க்காலத்தில் காய்கறிக் கொட்டகைக்குக் கூரையாகப் போய்விட்டனவாம். ஆனால் பதிவேடு இருந்தது. அரிசி மூட்டை மாதிரி தூக்கிவந்து தொப்பென்று போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் அகப்பட்டது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டேன், இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன்:

1921 ஆகஸ்ட் 14. சுற்றுப்பயணம் வந்த சூமோக் குழு. சசாமோரி யோஹெய், வயது பத்தொன்பது. முழு உருவம். இரண்டு பிரதி. ஒன்று இவன் தாயாருக்கு, மலைக் கிராமம், தபாலில். ஒன்று உடன் வந்த பெரிய மல்லருக்கு, நேரில். துணியைக் கட்டிவிட்டவர் அவரே. அவரையும் நிற்கும்படி வேண்டினேன். இன்று இவன் நாள் என்று மறுத்துவிட்டார்.

மூன்று தடவை படித்தேன்.

தொகாஷி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “தாத்தா கையெழுத்து. மகாக் கஞ்சன், மையக்கூட எண்ணித்தான் செலவழிப்பாரு. அவரே இவ்வளவு எழுதியிருக்காருன்னா, அன்னிக்கு அவருக்கே ஆச்சரியமா இருந்திருக்கணும்.”

ஒருவரும் திருடவில்லை. யாரும் உதை வாங்கவில்லை. பின்னால் நின்று முடிச்சுப் போட்டவர் மினேகாசே. இரண்டாவது பிரதியை வாங்கிக்கொண்டு போய்ச் சாகும்வரை தன் பெட்டியில் வைத்திருந்தவரும் அவரே. தினமும் ஓசெகி கையை விரித்து நிற்பார், எடுபிடி பின்னால் நின்று இழுத்துக் கட்டுவான். அதுதான் முறை. ஒரு நாள், அந்தப் பையனின் சொந்த ஊர்ப்பக்கம், இருவரும் இடம் மாறி நின்றிருக்கிறார்கள்.

ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, தோக்கியோ வரும்வரை திறக்கவே இல்லை.

ஜூன் 15, சனி

பழைய தரவரிசைத் தாள்களை உருப்பெருக்கியோடு தேடினேன். மேல்தரத்தார் பெயரெல்லாம் விரல் தடிமன். அடிவரிசைப் பெயர்கள் மயிரிழை. யோஹெய்யின் குடும்பப் பெயரே மல்லப் பெயராக அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆறு வருஷம். ஏறுகிறான், இறங்குகிறான். மேல்தரத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. பிறகு காணோம். ஆக அந்தத் துணியை அவன் கட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

சொல்லப் போகிறேன். குழுவாவது மண்ணாவது.

ஜூலை 6, சனி

சொன்னேன். அந்தப் படத்தோடு மற்ற நான்கையும் பதிவேட்டு நகலையும் நூடுல்ஸ் கிண்ணங்களுக்கு நடுவே வைத்துவிட்டுச் சொன்னேன். முதலில் சிரிப்பு. பிறகு யாரோ உருப்பெருக்கி கேட்டார்கள். காதைப் பார்த்தார்கள், குடுமியைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கோபம் வந்ததே அதனால்தான். புரியாமல் பேசியிருந்தால் மன்னித்திருப்பேன்.

நாகாகுபோ கிண்ணத்தை ஒதுக்கினார். “ஓரிகாசா-சான், ஓசெகி வீட்டுப் பெட்டியில இருந்த படம் இது. எடுபிடி படத்தை ஒரு ஓசெகி சாகுறவரைக்கும் பொத்திப் பொத்தி வெச்சிருந்தார்னா யாரு நம்புவா?”

“நான் நம்பறேன். அதைத்தான் மாட்டணும்ங்கறேன்.”

“பின்னால நின்னு முடிச்சு வேற போட்டாராம்.”

“அப்படியே முதுகும் தேச்சு விட்டிருப்பாரு,” என்று மூலையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனிதன் சின்னவனுக்குக் குனிந்தான் என்பது அவ்வளவு பெரிய வேடிக்கையாக இருக்கிறது இவர்களுக்கு.

அந்தப் பதிவேட்டில் எங்கே மினேகாசே என்ற பெயர் இருக்கிறது என்று கேட்டார் நாகாகுபோ. பெயர் இல்லைதான். எந்த மல்லனும் கட்டிவிட்டிருக்கலாம் என்றார். அப்படியானால் பிரதி எப்படி ஓசெகி பெட்டிக்கு நடந்து போயிற்று என்றேன். கடைசியில் உள்ளதைச் சொன்னார்: “ஏழாம் மாடி ஏறி எவன் ஒரு எடுபிடியப் பாக்க வருவான்? விளம்பரத் தாள் அச்சாயாச்சு. என் புத்தகம் கடையில இருக்கு. கொஞ்சம் யோசிங்க.”

என் குரல் ஏறவில்லை. அதைப் பெருமையாகவே எழுதிவைக்கிறேன். “எட்டு வருஷமா நாம எல்லாரும் துணியைத்தான் படிச்சோம், தலைவரே. முதல் முட்டாள் நான். ரெண்டாவது நீங்க. அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. தெரிஞ்ச பிறகும் துணியையே படிச்சா, அதுதான் வெக்கம்.”

வாக்கெடுத்தார்கள். மினேகாசே என்றே மாட்ட வேண்டும் என்று பதினொருவர். வேண்டாம் என்று ஒருத்தி. ஒருவர் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

நாகாகுபோ தொலைபேசியில் பேசினார். குரலில் தேன். ‘மினேகாசே எனக் கருதப்படுபவர்’ என்று எழுதிவிடலாமாம். இரண்டு பக்கத்துக்கும் பழுதில்லையாம். குழுவில் என் நாற்காலி காத்திருக்கிறதாம்.

எனக் கருதப்படுபவர்! உள்ளே ஈரம் என்று தெரிந்துகொண்டே கட்டின் மேல் ஒட்டுகிற சீட்டு அது. அந்தச் சீட்டை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

முடியாது என்றேன். கண்காட்சிக்குக் கொடுத்திருந்த மற்ற படங்களையும் திருப்பிக் கேட்டேன். மொத்தம் அறுபது. புத்தக அட்டைக்கு எடுத்த நகல் தன்னிடம் இருப்பதாகவும், அதைப் பெரிதாக்கி மாட்டப் போவதாகவும் சொன்னார்.

மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. கிடங்கின் முன்பக்கம், எடைமேடை இருக்கும் கொட்டகையைக் காலி செய்தேன். சாலையைப் பார்த்த இடம். அரங்கத்துக்கு நடந்து போகிறவன் எவனும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். அறுபது படமும் இங்கேதான். ஏழாம் மாடி வேண்டாம், படி ஏறாமலே பார்க்கட்டும்.

சனாஎ காலையிலிருந்து புலம்பல். பேப்பர் கிடங்கில் யாராவது கண்காட்சி வைப்பார்களா, ஊர் சிரிக்காதா, தூசி, எலி. புலம்பிக்கொண்டே சுவரை மூன்று தடவை கழுவிவிட்டாள்.

யோஹெய் படத்துக்கு அடியில் வைக்கும் அட்டையை நானே எழுதினேன். ஏழு தாள் வீணாயிற்று. எட்டாவது:

சசாமோரி யோஹெய். அடிவரிசை மல்லர். வயது பத்தொன்பது. துணி, ஓசெகி மினேகாசேயுடையது. கட்டிவிட்டவரும் அவரே என்று நம்புகிறேன். பதிவேட்டின் நகல் பக்கத்தில் இருக்கிறது. நீங்களே படித்துக்கொள்ளுங்கள். எட்டு வருஷம் தவறான பெயரில் இதை வைத்திருந்தவள், ஓரிகாசா மித்சுஎ.

கடைசி வாக்கியம் எதற்கு என்றாள் சனாஎ. இருக்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சங்க மடல் வந்தது. உறுப்பினர் பட்டியலில் பன்னிரண்டு பெயர். எண்ணிப் பார்த்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போட்டியின் முதல் நாள். இங்கேயும் முதல் நாள். வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தொகோமசு. ஒருவர் பழைய பேப்பர் போட வந்தவர். மூன்றாமவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

ஏழாம் மாடியில் நல்ல கூட்டமாம். மூன்று பேர் மூன்று பேர்தான். சாயந்தரம்வரை கதவைச் சாத்தவில்லை.

செப்டம்பர் 11, புதன்

இன்று நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

காலையிலேயே அடிவரிசை மல்லர்கள் மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்புமாக நடந்து போவார்கள். அவர்களுடைய ஆட்டம், அரங்கம் காலியாக இருக்கும்போதே முடிந்துவிடும். திரும்பும்போது நான்கு பேர் கொட்டகை முன்னால் நின்றார்கள். நிழலுக்கு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்து வாற்கோதுமைத் தேநீர் கொடுத்தேன். ஒருவன் அட்டையைச் சத்தமாகப் படித்தான். தாங்கள் எடுபிடியாக இருக்கும் மூத்த மல்லரை இவர்கள் அண்ணன் என்பார்கள்.

“டேய், இவனுக்குத் துணி கட்டிவிட்டது அவங்க அண்ணனாம்டா. ஓசெகியாம்.”

“எங்க அண்ணனும் என்கிட்ட துணி குடுப்பாரு. தொவைக்க.”

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். தேநீர் சிந்தியது. பிறகு ஒவ்வொருவராகப் படத்துக்குக் கிட்டே போனார்கள். முதலில் தலையைப் பார்த்தார்கள், நால்வருமே. துணியைப் பார்த்தது அப்புறம்தான். ஒருவன் தன் குடுமியைத் தொட்டுக்கொண்டான். தெரிந்து செய்தானா, தெரியாது.

மூன்று பேர் போய்விட்டார்கள். தடித்த கழுத்துக்காரன், முப்பதை நெருங்குகிறவன், நின்றுகொண்டிருந்தான்.

“கடைசிவரைக்கும் மேல வரலையா, அக்கா?”

“வரலை.”

“எத்தன வருசம் இருந்தாரு?”

“ஆறு.”

“எனக்குப் பன்னெண்டு.”

போகும்போது படத்தைப் பார்த்துத் தலை வணங்கினான். மேடையில் எதிராளிக்கு வணங்குவார்களே, அப்படி.

செப்டம்பர் 14, சனி

இன்று பதினேழு பேர். எல்லாரும் அடிவரிசை. கோப்பைகள் போதவில்லை, சனாஎ அலுவலகத்துப் பூச்சாடியைக்கூடக் கழுவி எடுத்துவந்துவிட்டாள்.

செப்டம்பர் 18, புதன்

நாகாகுபோ வந்தார். தனியாக. தொப்பியைக் கழற்றவில்லை, வணக்கமும் இல்லை. நானும் எடைமேடையை விட்டு எழவில்லை. நேரே யோஹெய் முன்னால் போய் நின்றார். பதிவேட்டு நகலைப் படித்தார். உருப்பெருக்கியை எடுத்தார். உச்சியில் ஆரம்பித்து, காது, தோள், இடுப்பு என்று இறங்கிப் பாதத்தில் நிறுத்தினார். கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் இரண்டு மல்லர்கள் உள்ளே வந்து, அவருக்கு வழிவிட்டு, வணங்கிவிட்டுப் போனார்கள். அவர்களையும் பார்த்தார்.

“கொஞ்சம் குட்டைதான்,” என்றார்.

“ஆமா.”

“மோஸ்தர் இல்ல.”

“இல்ல.”

போய்விட்டார். தேநீர் கொடுத்திருக்கலாமோ? தெரியவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

போட்டி முடிந்தது. யார் வென்றார் என்பதைச் சனாஎ சொல்லித்தான் தெரியும். கொட்டகையை விட்டு நகர முடியவில்லை, அவ்வளவு பேர்.

அவள் மத்தியானம் காலுறை வாங்குவதாகச் சொல்லி அந்தக் கடைக்குப் போய்வந்தாள். காலுறை வாங்கவில்லை. ஏழாம் மாடிக்குத்தான் ஏறியிருக்கிறாள். நடுச்சுவரில் படம் இல்லையாம். இரண்டு நாளாகவே இல்லை என்றாளாம் அங்கே நிற்கிற பெண். ஆணி மட்டும் இருக்கிறதாம். அட்டை, விளக்கம், ஒன்றும் கிடையாதாம்.

“உனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் அந்த ஆளு,” என்றாள்.

எழுத வேண்டாம். செயற்குழுவும் வேண்டாம். வெறும் ஆணி போதும் எனக்கு.

இன்றோடு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சாயந்தரம் அந்தத் தடித்த கழுத்துக்காரன் வந்து, வியாழக்கிழமை ஊரிலிருந்து அம்மா வருகிறாள், அதுவரைக்கும் இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து மழையாம். படங்களை நாலு அடி உள்ளே தள்ளி மாட்டினால் போயிற்று. கதவு திறந்துதான் இருக்கும்.